நெஞ்சில் தெரியும் நிழலுக்குப் பெயர் காணுதல்: ஊசி வழித் திசுப் பரிசோதனை பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மார்பு எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் அறிக்கையில் ‘கட்டி போன்ற நிழல்’ என்னும் சொற்களைக் கண்டதும், பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு உடனே வந்துவிடுகின்றன. ‘இது புற்றுநோய்தான், இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்பது ஒன்று. ‘இது பழைய சளிக்கட்டு, மாத்திரை சாப்பிட்டால் கரைந்துவிடும்’ என்பது மற்றொன்று. இரண்டும் ஊகங்களே. இந்த ஊகங்களின் அடிப்படையில் சிலர் சிகிச்சையையே தவிர்த்துவிடுகின்றனர். சிலர் தவறான சிகிச்சையில் பல மாதங்களைக் கழித்துவிடுகின்றனர்.

அந்த நிழலுக்கு உரிய பெயரைக் கண்டறிய எங்கள் பிரிவில் பெரிதும் பயன்படும் முறை, ஸ்கேன் படத்தின் துணையுடன் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறு துணுக்குத் திசுவை எடுத்துப் பரிசோதிப்பதாகும். இதனைப் பலரும் ‘பயாப்சி’ என்றே அறிவர். இப்பரிசோதனை ஏன் தேவைப்படுகிறது, எவ்வாறு செய்யப்படுகிறது, அதனால் நேரக்கூடிய இடர்கள் யாவை, வரும் அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

நிழல் வேறு, நோயின் பெயர் வேறு

சி.டி. ஸ்கேன் மிகத் துல்லியமான கருவி. கட்டி எங்கே உள்ளது, எத்தனை சென்டிமீட்டர் அளவு, அதன் ஓரம் வழவழப்பாக உள்ளதா முள்முள்ளாக உள்ளதா, அதற்குள் சுண்ணாம்புப் படிவு, கொழுப்பு, காற்று, நீர் ஆகியவற்றுள் எது இருக்கிறது, அருகிலுள்ள இரத்தக் குழாய்களைத் தொடுகிறதா என்பனவற்றை அது காட்டும். நுரையீரலில் 3 சென்டிமீட்டர் வரையுள்ள உருண்டை நிழலை ‘முடிச்சு’ என்றும், அதற்கு மேற்பட்டதைக் ‘கட்டி’ என்றும் மருத்துவ அறிக்கைகளில் குறிப்பிடுவது வழக்கம். கட்டி எந்த வகை உயிரணுக்களால் ஆனது என்பதை மட்டும் ஸ்கேன் படத்தால் உறுதியாகக் கூற இயலாது.

நுரையீரலில் தோன்றும் கட்டி, நுரையீரலிலேயே உருவான புற்றுநோயாக இருக்கலாம். மார்பகம், சிறுநீரகம், பெருங்குடல் போன்ற வேறோர் உறுப்பிலிருந்து பரவியதாகவும் இருக்கலாம். காசநோய், பூஞ்சைத் தொற்று, ஆறாத நிமோனியா, சீழ்க்கட்டி ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரக்கூடும். ‘ஹமார்ட்டோமா’ எனப்படும் தீங்கற்ற கட்டியும் உண்டு.

இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் தோன்றும் கட்டிகளின் பட்டியல் வேறு. முன்புறத்தில் தைமஸ் சுரப்பிக் கட்டி, நிணநீர்ப் புற்றாகிய லிம்ஃபோமா, கழுத்திலிருந்து கீழிறங்கிய தைராய்டு வீக்கம், இளைஞர்களிடம் காணப்படும் கருவணுக் கட்டி ஆகியவை தோன்றலாம். நடுப்பகுதியில் நிணநீர்க் கணுக்களின் வீக்கமும், முதுகெலும்பை ஒட்டிய பின்பகுதியில் நரம்புகளிலிருந்து எழும் கட்டிகளும் மிகுதி.

ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இருக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. இருவருக்கும் வலது நுரையீரலின் மேற்பகுதியில் நான்கு சென்டிமீட்டர் அளவில் கட்டி. இருவருக்கும் இருமல், எடைக் குறைவு, பசியின்மை. ஒருவருக்குக் காசநோய், வழக்கமான வகை எனில் ஆறு மாத மாத்திரைகளால் குணப்படுத்திவிடலாம். மற்றவருக்கு நுரையீரல் புற்றுநோய்; அவருக்கு அறுவை சிகிச்சையோ, கதிர்வீச்சோ, மருந்துகளோ காலத்தே தொடங்கப்பட வேண்டும். இருவருடைய ஸ்கேன் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும், எவருக்கு எது என்று அனுபவமிக்க மருத்துவர்களாலும் சில வேளைகளில் கூற முடிவதில்லை. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இச்சிக்கலை நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம்.

ஊகத்தின் பேரில் மருந்து தொடங்குவதால் நேரும் இழப்பு

‘ஊசி வேண்டாம் டாக்டர், முதலில் டி.பி. மாத்திரை கொடுத்துப் பாருங்கள்’ என்று கேட்கும் குடும்பத்தினர் பலர். அவர்களுடைய அச்சத்தை நாங்கள் அறிவோம். ஆயினும் நோய் உண்மையில் புற்றுநோயாக இருந்தால், மாத்திரை பலனளிக்கவில்லை என்று தெரிவதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் கடந்துவிடும். அறுவை சிகிச்சையால் முழுமையாக நீக்கத்தக்க நிலையிலிருந்த கட்டி, அந்த இடைவெளியில் அந்நிலையைக் கடந்துவிடக்கூடும். தேவையற்ற காசநோய் மருந்துகளால் கல்லீரல் பாதிப்பு நேரவும் வாய்ப்புண்டு.

ஸ்டீராய்டு மருந்துகளைப் பொறுத்தவரை இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. மூச்சுத்திணறல் தணியட்டும் என்று பரிசோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டால், லிம்ஃபோமா வகைக் கட்டி தற்காலிகமாகச் சுருங்கிவிடும். குடும்பத்தினர் நிம்மதி அடைவர். பின்னர் எடுக்கப்படும் திசுவிலோ சிதைந்த உயிரணுக்களே எஞ்சியிருக்கும். நோயின் வகையைத் தெளிவாகக் கூற முடியாமற்போகும். உயிருக்கு ஆபத்தான அவசர நிலைகளில் இம்மருந்தைத் தவிர்க்க இயலாது. மற்ற வேளைகளில் திசு எடுத்த பின்னரே அதைத் தொடங்குவது முறை.

மறுபுறம், புற்றுநோய் என்று ஊகித்து வீட்டிலேயே முடங்கிவிடுபவர்களும் உள்ளனர். அவர்களுள் சிலருக்கு இருப்பது, அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளாலேயே குணமாகக்கூடிய காசநோய். பரிசோதனைக்கு வராமல் இருந்துவிட்டால் அந்த உண்மை அவர்களுக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது.

இம்முறை வளர்ந்த வரலாறு

நெஞ்சுக்குள் ஊசி செலுத்தித் திசு எடுப்பது இன்று நேற்றுத் தோன்றிய முறையன்று. 1880களிலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் நிமோனியாவுக்குக் காரணமான கிருமியைக் காணவும், நுரையீரல் புற்றை உறுதிசெய்யவும் ஊசியைப் பயன்படுத்தினர். 1930இல் நியூயார்க் நகரில் மார்ட்டின், எல்லிஸ் ஆகிய இருவர், ஊசியால் உறிஞ்சி எடுத்த உயிரணுக்களைக் கொண்டு கட்டிகளை இனங்காணும் முறையை விரிவாக வெளியிட்டனர். அக்காலத்தில் ஊசியின் முனை உடலுக்குள் எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாகக் காண வழியில்லை.

1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டது. உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காட்டும் இக்கருவிக்காக அவரும் கோர்மாக்கும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1970களின் நடுப்பகுதியிலேயே மருத்துவர்கள் இக்கருவியின் துணையுடன் ஊசியைச் செலுத்தத் தொடங்கிவிட்டனர். ஊசி முனையை மில்லிமீட்டர் கணக்கில் கண்காணித்து, இரத்தக் குழாய்களை விலக்கி, கட்டியை மட்டும் தொட முடிகிறது என்பதே இம்முறையின் சிறப்பு.

எல்லோருக்கும் இதே வழி அன்று

திசு எங்கே மிக எளிதாகவும் பாதுகாப்பாகவும் கிடைக்கும் என்பதே எங்கள் முதல் கேள்வி. நெஞ்சில் கட்டி இருப்பவருக்குக் கழுத்தில் ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டால் அதிலிருந்து திசு எடுப்பதே போதுமானதாக இருக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால், அந்நீரை முதலில் பரிசோதிக்கிறோம். காசநோய் ஐயம் இருப்பின் சளிப் பரிசோதனையை முதலில் முடித்துவிடுகிறோம். சளியிலேயே கிருமி கண்டறியப்பட்டால், பெரும்பாலும் ஊசியின் தேவையே எழுவதில்லை.

கட்டி பெரிய மூச்சுக் குழாய்களை ஒட்டியிருந்தால் வாய் அல்லது மூக்கு வழியே குழாய்க் கருவி செலுத்தும் பிராங்கோஸ்கோப்பி ஏற்றது. நடுநெஞ்சின் நிணநீர்க் கணுக்களுக்கு, முனையில் அல்ட்ராசவுண்டு பொருத்திய பிராங்கோஸ்கோப்பி உதவும். மார்புச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டிக்குச் சாதாரண அல்ட்ராசவுண்டு ஸ்கேனே போதும். அதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை, ஊசி நகர்வதை நேரடியாகக் காணலாம். இவற்றால் எட்ட முடியாத, நுரையீரலின் உட்பகுதியிலும் இடைநெஞ்சிலும் உள்ள கட்டிகளுக்கே பெரும்பாலும் சி.டி. வழி ஊசி தேவைப்படுகிறது.

ஊசி செலுத்தக் கூடாத நிழல்களும் உண்டு. கட்டிபோல் தோன்றும் சில நிழல்கள் உண்மையில் புடைத்த இரத்தக் குழாய்களாக இருக்கலாம். வேறு சில, நாய்களிடமிருந்து பரவும் ஒட்டுண்ணியால் உண்டாகும் நீர்க்கட்டிகள். அவற்றைக் குத்தினால் கடும் ஒவ்வாமை ஏற்படக்கூடும். இவற்றை முன்கூட்டியே இனங்காணவே நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனைக் கேட்கிறோம். வெளியில் எடுத்த பழைய ஸ்கேன் இருக்கும்போது மீண்டும் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்னும் வினாவுக்குப் பல வேளைகளில் இதுவே விடை. கட்டியின் தோற்றமே தைமஸ் கட்டி எனத் தெளிவாகக் காட்டி, முழுமையாக அகற்றத்தக்க நிலையிலும் இருந்தால், ஊசியைத் தவிர்த்து நேராக அறுவை சிகிச்சைக்குச் செல்வதும் உண்டு.

பரிசோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் கையோடு கொண்டுவாருங்கள். அவற்றுள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் போன்றவற்றை வழக்கமாகப் பரிசோதனைக்கு ஐந்து நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ஆனால் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவர்களும் செயற்கை வால்வு உள்ளவர்களும் எக்காரணம் கொண்டும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. இதய மருத்துவருடன் கலந்து, எந்த நாளில் நிறுத்துவது, எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை எழுத்தில் தருவோம்.

இரண்டாவதாக, இரத்தப் பரிசோதனை. இரத்தம் உறைவதற்குரிய ஐ.என்.ஆர். அளவு 1.5க்குள் இருக்க வேண்டும். தட்டணுக்கள் 50,000க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவை சரியில்லையெனில், சீர்செய்த பின்னரே ஊசியைச் செலுத்துவோம்.

மூன்றாவதாக, உணவு. பரிசோதனைக்கு முந்தைய ஆறு மணி நேரம் திட உணவு வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையைச் சிறிது நீருடன் விழுங்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் இருக்கும் அந்தக் காலை வேளையில் என்ன செய்வது என்று முன்தினமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து ஒவ்வாமை இருந்தாலும், பெண்கள் கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தாலும் தயங்காமல் தெரிவிக்க வேண்டும்.

நான்காவதாக, மூச்சுப் பயிற்சி. ஊசி செலுத்தும்போது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் மூச்சை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஆழமாக இழுக்க வேண்டியதில்லை. இயல்பாக மூச்சுவிட்டு, பத்து எண்ணும் வரை அசையாமல் இருந்தால் போதும். வீட்டில் படுத்தபடி இதைச் சில முறை செய்து பழகுங்கள். கடும் இருமல் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் அதற்கு மருந்து தருவோம்.

ஸ்கேன் அறையில் நடப்பது

கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து உங்களை மல்லாந்தோ, குப்புறவோ, பக்கவாட்டிலோ படுக்க வைப்போம். தோலின்மேல் ஓர் அடையாளப் பட்டையை ஒட்டி ஸ்கேன் எடுத்து, ஊசி நுழைய வேண்டிய இடத்தையும் கோணத்தையும் ஆழத்தையும் கணக்கிடுவோம். அவ்விடத்தைத் தூய்மை செய்து, மரத்துப்போவதற்கான ஊசியைப் போடுவோம். அப்போது சில நொடிகள் எரிச்சல் இருக்கும். பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசியைப் போன்றதே அது. பொதுவாக முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. உங்கள் ஒத்துழைப்பு தேவை என்பதால் நீங்கள் விழித்திருப்பதே நல்லது.

அதன்பின் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி படிப்படியாக உள்ளே செலுத்தப்படும். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்து முனையின் இடத்தைச் சரிபார்ப்போம். அதனால் மேசை பலமுறை முன்னும் பின்னும் நகரும். நாங்கள் அறைக்கு வெளியே சென்று திரும்புவோம். யாரும் உங்களைத் தனியே விட்டுச் செல்வதில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஊசி நுரையீரலின் உறையைக் கடக்கும்போது ஒரு சுருக்கென்ற வலி வரலாம்.

வெளி ஊசி கட்டியைத் தொட்டதும் அதனுள்ளே மற்றோர் ஊசியை நுழைத்துத் திசுவை எடுப்போம். அப்போது ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும், திடுக்கிட வேண்டாம். வெளி ஊசி அங்கேயே இருப்பதால், மூன்று நான்கு துணுக்குகள் எடுத்தாலும் நுரையீரலின் உறை ஒருமுறையே துளைக்கப்படுகிறது. ஒவ்வொரு துணுக்கும் பென்சில் முனைக் கரியைவிட மெல்லியது. நீளம் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர். முழுப் பரிசோதனையும் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடையில் இருமல் வருவதுபோல் தோன்றினால், பேசாமல் விரலை உயர்த்திக் காட்டினால் போதும்.

எடுத்த திசுவை இரண்டாகப் பிரிப்போம். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான பகுதி ஃபார்மலின் திரவத்தில் இடப்படும். கிருமிகளைத் தேடுவதற்கான பகுதி உப்புநீரில் இடப்படும். ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பதால் அதிலிட்ட திசுவைக் கொண்டு காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க இயலாது. புற்றுநோயும் காசநோயும் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும் நிலையில், ஒரே ஊசியில் இரண்டையும் தேடிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இடர்கள் எவை, எவ்வளவு

ஊசி குத்தியவுடன் நுரையீரலிலிருந்து சிறிதளவு காற்று, அதைச் சுற்றியுள்ள உறைக்குள் கசியலாம். இதுவே மிகவும் பரவலாகக் காணப்படும் பக்கவிளைவு. உலகெங்கும் உள்ள அனுபவத்தில், நூறு பேரில் ஏறத்தாழ 15 முதல் 25 பேருக்கு இவ்வாறு நேர்கிறது. இவர்களுள் பெரும்பாலோருக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. காற்று சில நாட்களில் தானே உறிஞ்சப்பட்டுவிடும். நூறில் சுமார் ஐந்து பேருக்கு மட்டும் மார்பில் சிறு குழாய் வைத்து ஓரிரு நாட்கள் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். நீண்டகாலம் புகைபிடித்து நுரையீரல் தளர்ந்தவர்களுக்கும், கட்டி மிகச் சிறியதாகவோ ஆழத்திலோ இருப்பவர்களுக்கும் இதற்கான வாய்ப்பு சற்று அதிகம்.

நூறில் சிலருக்குச் சளியுடன் இரத்தம் வரும். அது பொதுவாகத் தானே நின்றுவிடும். கடும் இரத்தப்போக்கு, இரத்தக் குழாய்க்குள் காற்று புகுதல் ஆகியவை மிக அரியவை. ஆயினும் உயிருக்கு ஆபத்தானவை. ஆயிரம் பரிசோதனைகளில் ஒன்று அல்லது இரண்டில் உயிரிழப்பு நேர்ந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு. சம்மதப் படிவத்தில் இவை எழுதப்பட்டிருப்பதைக் கண்டு சிலர் கலங்குகின்றனர். எல்லோருக்கும் இது நேரும் என்பது அதன் பொருளன்று. நேரக்கூடியவற்றை அறிந்து முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதே பொருள்.

‘ஊசி பட்டால் புற்று பரவிவிடும்’ என்னும் அச்சம்

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. இந்த அச்சத்துக்கு ஒரு சிறு அடிப்படை உண்டு என்பதை நாங்கள் மறைப்பதில்லை. ஊசி சென்ற பாதையில் புற்றணுக்கள் படிந்து வளர்ந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. ஆனால் நுரையீரல் கட்டிகளில் இது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது.

அப்படியாயின் இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு பரவியுள்ளது? பலர் நோய் முற்றிய பின்னரே பரிசோதனைக்கு வருகின்றனர். பரிசோதனைக்குப் பின் சில மாதங்களில் அவர்கள் நிலை மோசமடைவதைக் கண்ட உறவினர்கள், ஊசியே அதற்குக் காரணம் என்று எண்ணிவிடுகின்றனர். நோய் ஏற்கனவே பரவியிருந்தது என்பதும், ஊசி அதை வெளிப்படுத்த மட்டுமே செய்தது என்பதும் அவர்களுக்கு யாராலும் விளக்கப்படாமல் போயிருக்கலாம். ஊசிக்கு அஞ்சித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் புற்றுநோய் தன் போக்கில் வளர்கிறது. ஆகவே ஊசியால் பரவும் வாய்ப்பைவிடத் தாமதத்தால் பரவும் வாய்ப்பே பன்மடங்கு பெரிது.

பரிசோதனைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

ஊசி நுழைந்த பக்கம் கீழே இருக்குமாறு உங்களைப் படுக்க வைப்போம். உடலின் எடையே அந்தத் துளையை அழுத்தி மூட உதவும். முதல் ஓரிரு மணி நேரம் பேசுவதையும் எழுந்து நடப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். இடையில் மார்பு எக்ஸ்ரே எடுத்துக் காற்றுக் கசிவு உள்ளதா எனப் பார்ப்போம். நான்கு மணி நேரம் வரை கண்காணித்து, எல்லாம் சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவோம்.

தொலைவிலிருந்து வருவோர் அன்றிரவு மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குவது நல்லது. அரிதாகச் சிலருக்குக் காற்றுக் கசிவு தாமதமாகத் தோன்றும். அவ்வேளையில் நள்ளிரவுப் பேருந்தில் இருப்பதைக் காட்டிலும் மருத்துவமனைக்கு அருகில் இருப்பதே பாதுகாப்பு. அன்றிரவு ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், மூட்டை போன்ற பாரங்களைத் தூக்க வேண்டாம். விமானப் பயணம் இருந்தால் எங்களைக் கேட்ட பின்னரே முடிவு செய்யுங்கள்.

ஓரிரு நாட்கள் சளியில் இரத்தக் கீற்றுத் தெரிவதும், ஊசி போட்ட இடத்தில் இலேசான வலி இருப்பதும் இயல்பு. கீழ்க்காண்பவற்றுள் எது தோன்றினாலும் காலை வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்:

• மூச்சு வாங்குதல் புதிதாகத் தோன்றுதல் அல்லது அதிகரித்தல்
• மூச்சை இழுக்கும்போது நெஞ்சிலோ தோளிலோ கூர்மையான வலி
• கீற்றாக அன்றி, கரண்டி அளவில் இரத்தம் வெளிவருதல்
• தலைசுற்றல், மயக்கம், படபடப்பு
• காய்ச்சல்

தொலைவில் இருப்பின் 108 ஆம்புலன்சை அழைத்து, அண்மையிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று, ‘நெஞ்சில் ஊசி வழித் திசு எடுத்திருக்கிறார்கள்’ என்பதை முதலில் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் அங்குள்ள மருத்துவரின் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும்.

அறிக்கை ஏன் தாமதமாகிறது, எவ்வாறு படிப்பது

காசநோய்க்கான மூலக்கூறு சோதனையின் முடிவு ஓரிரு நாட்களில் கிடைத்துவிடும். நுண்ணோக்கி அறிக்கைக்குச் சில நாட்கள் ஆகும். புற்றணுக்கள் காணப்பட்டால், அவை எந்த உறுப்பைச் சேர்ந்தவை, எந்த வகை என்பதை அறியச் சிறப்புச் சாயங்கள் இடப்படும். அதற்கு மேலும் சில நாட்கள். நுரையீரல் புற்றில் அடினோகார்சினோமா வகை உறுதியானால், மரபணு மாற்றங்களையும் தேட வேண்டும். இந்திய நோயாளிகளுள் இவ்வகையினரில் நான்கில் ஒருவர் அளவுக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அத்தகையோருள் பலருக்கு, நோய் பரவிய நிலையிலும், நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரையே முதன்மைச் சிகிச்சையாக அமையக்கூடும். ‘எப்படியும் புற்றுநோய்தானே, வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது’ என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் விடை இதுதான்.

‘புற்றணுக்கள் காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால், அதைப் புற்றுநோய் இல்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சென்றுவிடாதீர்கள். காசநோய், பூஞ்சை, ஹமார்ட்டோமா என்று வேறொரு நோயின் பெயர் அறிக்கையில் தெளிவாகக் கூறப்பட்டிருந்தால், அது விடை. ‘அழற்சி மட்டும் உள்ளது’ என்றோ ‘திசு போதாது’ என்றோ இருந்தால், கேள்வி இன்னும் முடியவில்லை. ஊசி கட்டியின் ஓரத்தையோ, செத்துப்போன நடுப்பகுதியையோ தொட்டிருக்கலாம். அத்தகைய நிலையில் மீண்டும் திசு எடுப்பதா, வேறு வழியைத் தேர்வதா, சில வாரங்களில் மறு ஸ்கேன் எடுப்பதா என்பதை நுரையீரல், ரேடியாலஜி, பேத்தாலஜி மருத்துவர்கள் கூடி முடிவுசெய்வோம். நூறில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு இவ்வாறு மறுபடியும் தேட வேண்டி நேரலாம்.

மற்றொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். உங்கள் திசு மெழுகுக் கட்டியாகப் பதப்படுத்தப்பட்டு ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது. வேறு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குச் செல்வதாயின், அறிக்கைத் தாளுடன் அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுச் செல்லலாம். இதனால் இரண்டாவது முறை ஊசி குத்திக்கொள்வதைப் பல வேளைகளில் தவிர்க்கலாம்.

நோயாளியிடம் சொல்ல வேண்டுமா?

‘அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்; சளிக்கு ஊசி என்று சொல்லியிருக்கிறோம்’ என்று பிள்ளைகள் எங்களைத் தனியே அழைத்துக் கேட்பதுண்டு. அந்த வேண்டுகோளின் பின்னுள்ள அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஸ்கேன் மேசையில் படுத்து, சொன்ன நேரத்தில் மூச்சை நிறுத்தி, அசையாமல் இருக்க வேண்டியவர் அவரே. என்ன செய்யப்போகிறோம் என்று அறியாதவர், உள்ளே நுழைந்ததும் அச்சமுற்று அசைந்துவிட நேரலாம். சம்மதம் தெரிவிக்கும் உரிமையும் அவருக்கே உரியது.

திசு எடுக்கும் நாளில் நோயின் பெயர் எங்களுக்கும் தெரியாது. ஆகவே, ‘நெஞ்சில் ஒரு கட்டி தெரிகிறது, அது என்னவென்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும், அதற்காகச் சிறிது திசு எடுக்கிறோம்’ என்று சொல்வது முழு உண்மையாகும். அதற்கு மேல் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்போம். ‘எல்லாவற்றையும் என் மகளிடம் சொல்லுங்கள்’ என்று கூறுபவர்களும் உண்டு. ‘என்னிடமே சொல்லுங்கள்’ என்று கூறுபவர்களும் உண்டு. இருவர் விருப்பத்தையும் நாங்கள் பின்பற்றுகிறோம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த முறை வரும்போது கீழ்க்காணும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்:

• என் கட்டி எங்கே உள்ளது? இதைவிட எளிதாகத் திசு எடுக்க வேறு இடம் உண்டா?
• எனக்குக் காற்றுக் கசிவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமா?
• என் மருந்துகளுள் எதை, எந்த நாளில் நிறுத்த வேண்டும்? எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்?
• திசுவைக் காசநோய்க்கும் சேர்த்துப் பரிசோதிப்பீர்களா?
• அறிக்கை எந்த நாளில் வரும்? யாரிடம் பெற வேண்டும்?
• முடிவு தெளிவாக இல்லையெனில் அடுத்து என்ன?

இக்கேள்விகளைக் கேட்பதால் மருத்துவர் வருந்துவார் என்று எண்ண வேண்டாம். விடை தெரிந்து வரும் நோயாளிக்கு ஊசி போடுவது எங்களுக்கும் எளிது. இப்போது உங்கள் கையில் ‘கட்டி போன்ற நிழல்’ என்னும் அறிக்கை இருந்தால், அதனுடன் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே நுரையீரல் மருத்துவப் பிரிவுக்கு வாருங்கள். ஈராண்டுகளுக்கு முந்தைய படத்தில் அதே நிழல் அதே அளவில் இருந்திருந்தால் ஊசியே தேவைப்படாமல் போகவும் கூடும்.